லைன் சேல்ஸில் முதல் வேலை: புதிதாகச் சேருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சோப்பு, பிஸ்கட், டீத்தூள், மசாலா, ஷாம்பு போன்ற பொருள்களின் ஏஜென்சியில் சேல்ஸ்மேனாகச் சேரும் தம்பிகள் முதல் மூன்று மாதத்தில் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறோம். தமிழ்நாட்டு மளிகைக் கடை, பெட்டிக்கடை வியாபாரத்தை வைத்து எழுதியது. மருந்து, ஹார்டுவேர் லைனில் கடன் நாள்களும் மார்ஜினும் வேறு.

1. லைன் சேல்ஸ்னா என்ன வேலை? நான் கம்பெனி ஆளா, ஏஜென்சி ஆளா?

கம்பெனியிடம் மொத்தமாகச் சரக்கு வாங்கி ஒரு பகுதியின் கடைகளுக்குக் கொடுப்பவர் டிஸ்ட்ரிபியூட்டர். ஊர்ப்பக்கம் ஏஜென்சி என்பார்கள். அவர் தன் பகுதிக் கடைகளை வாரத்தின் ஆறு நாளுக்கு ஆறு லைனாகப் பிரித்து வைத்திருப்பார். திங்கள் பஸ் ஸ்டாண்ட் லைன் என்றால் ஒவ்வொரு திங்களும் அதே கடைகள். ஆர்டர் எடுப்பதும், போன வாரப் பில்லுக்குப் பணம் வாங்குவதும் உங்கள் வேலை. சரக்கு பெரும்பாலும் மறுநாள் டெலிவரி வண்டியில் போகும்.

சம்பளம் தருபவர் ஏஜென்சி முதலாளி. டார்கெட் சொல்பவர் கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர். இந்த இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றல்ல. ஆபீசருக்கு மாத விற்பனை எண் வேண்டும். முதலாளிக்குப் போட்ட பணம் திரும்பி வர வேண்டும். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இதுதான், அதனால் முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. சம்பளம் 15,000, பெட்ரோலுக்கு 2,000-ன்னு சொல்றாங்க. கையில என்ன நிக்கும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 1,040 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் 23 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 2,300 ரூபாய். அதாவது பெட்ரோலிலேயே 300 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. ஆயில் மாற்றுவது, டயர், பிரேக் எல்லாம் சேர்த்து மாதம் 500 ஒதுக்க வேண்டும். வெளியே சாப்பாடு, டீ என்று நாளுக்கு 80 ரூபாய் ஆனாலும் 2,080.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கும் இடமாக இருந்து, சம்பளம் முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் பிஎஃப்புக்கு 12 சதவீதம் (1,800), இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் (113) போகும். எல்லாம் கழித்தால் 10,200 ரூபாய் பக்கம் நிற்கும். பிஎஃப்பில் முதலாளியும் உங்கள் பெயரில் பணம் போடுகிறார், இஎஸ்ஐயில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. அதனால் இந்தப் பிடித்தத்தை நஷ்டமாக நினைக்காதீர்கள். பிடித்தம் இல்லாமல் 500 ரூபாய் கூடத் தரும் இடத்தைவிட இது நல்ல இடம்.

3. சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டுக்கணும்? ஒரிஜினல் சர்டிபிகேட் கேக்குறாங்க, கொடுக்கலாமா?

ஒரிஜினலைக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒரிஜினலை ஒப்படைக்கவே வேண்டாம். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக், வெற்றுப் பத்திரம் எதுவும் தர வேண்டாம். இவை எல்லாம் வேலையை விடும் நாளில் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

கேட்க வேண்டியவை: இன்சென்டிவ் எதற்கு, மொத்த விற்பனைக்கா, எத்தனை கடையில் பில் விழுந்தது என்பதற்கா? வசூல் ஆன தொகைக்குத்தானா? கடைக்காரர் பணம் தராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா? பழைய சேல்ஸ்மேன் விட்டுப்போன பாக்கி உங்கள் கணக்கில் வருமா? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை, அதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். லைனை ஏற்கும்போது கடைவாரியாகப் பாக்கிப் பட்டியலை அச்சடித்து வாங்குங்கள். முதல் சுற்றிலேயே ஒவ்வொரு கடையிலும், "அண்ணே, உங்க கணக்குல இவ்வளவு பாக்கின்னு இருக்கு, சரிதானா?" என்று கேட்டு, ஒத்துக்கொண்டால் அதன் பக்கத்திலேயே கையெழுத்து வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாத கடைகளின் பட்டியலை அந்த வாரமே முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள்.

4. எனக்குப் பேச்சே வராது. இந்த வேலைக்கு சரிப்படுவேனா?

சரிப்படுவீர்கள். மளிகைக் கடைக்காரருக்கு ஒரு நாளில் பத்து சேல்ஸ்மேன் வருவான். நடுவில் வாடிக்கையாளர் நிற்பார். நீளமாகப் பேசுபவனை அவர் விரும்புவதே இல்லை. அவருக்கு வேண்டியது மூன்று: சொன்ன நாளில் வருபவன், சொன்ன விலைக்குப் பில் போடுபவன், கெட்டுப்போன சரக்கைத் திருப்பி எடுப்பவன். இதற்குப் பேச்சுத் திறமை தேவையில்லை, நோட்டும் பேனாவும் ஒழுங்கும் போதும்.

பேச்சு வராதவர் ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டால் போதும், அதில் எண் இருக்க வேண்டும். "ஏதாவது வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். "அண்ணாச்சி, பத்து ரூபா சோப்பு ஆறுதான் இருக்கு, சனிக்கிழமை தாண்டாது. ஒரு டஜன் போடவா?" என்றால் அவர் திரும்பி ரேக்கைப் பார்ப்பார். அந்தப் பார்வை கிடைத்தாலே பாதி ஆர்டர்.

5. ஒரு நாளைக்கு 40 கடை எப்படி முடிக்கிறது? மதியத்துக்குள்ளயே சோர்ந்துடுறேன்.

காலை 9:30 முதல் மாலை 5:30 வரை எட்டு மணி நேரம். சாப்பாட்டுக்கு 45 நிமிடம் போனால் 435 நிமிடம். 40 கடைக்குப் பங்கிட்டால் வண்டி ஓட்டும் நேரத்தையும் சேர்த்து ஒரு கடைக்குப் பதினொரு நிமிடம்கூட இல்லை. ஆகவே எல்லாக் கடையிலும் ஒரே நேரம் செலவழிக்கக் கூடாது. பெட்டிக்கடையில் நான்கு நிமிடம், பெரிய மளிகையில் இருபது நிமிடம்.

வரிசையும் முக்கியம். மளிகைக் கடைகளில் காலை நேரம் கூட்டம். 11 முதல் 1 வரை முதலாளி உட்கார்ந்து பேசும் நேரம், பெரிய கடைகளை அப்போது வையுங்கள். மதியம் 2 முதல் 4 வரை சில கடைகள் மூடியிருக்கும், திறந்திருந்தாலும் வேலையாள்தான் இருப்பார். அந்த நேரத்துக்குப் பெட்டிக்கடையும் டீக்கடையும் சரி. டீக்கடையில் நான்கு மணிக்கு மேல் போனால் வடைச் சட்டிக்கும் பாய்லருக்கும் நடுவில் நிற்கும் ஆளிடம் ஆர்டர் கேட்க வேண்டிவரும்.

6. கடைக்குள்ள போனதும் முதல்ல என்ன செய்யணும்?

வணக்கம் சொல்லிவிட்டு, பேசும் முன் எண்ணுங்கள். உங்கள் கம்பெனிப் பொருள் ஒவ்வொன்றும் எத்தனை இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். முன் வரிசையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்வரிசையில்தான் பழைய தேதி ஒளிந்திருக்கும். அதை முன்னால் எடுத்து வைத்துவிட்டுப் புதியதைப் பின்னால் தள்ளுங்கள். ஷாம்புச் சரம் வாசலில் தொங்கினால் எத்தனை பாக்கெட் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சரம் உள்ளே ஆணியில் தொங்கி, மேலே தூசி படிந்திருந்தால், அது விற்காமல் போனதற்குக் காரணம் விலையே இல்லை, யார் கண்ணிலும் படாததுதான். பையில் ஒரு துணி வைத்திருங்கள். துடைத்து வாசல் பக்கம் மாட்ட அனுமதி கேளுங்கள்.

பிறகுதான் ஆர்டர். எழுதி முடித்ததும் பொருள், எண்ணிக்கை, தொகை மூன்றையும் படித்துக் காட்டுங்கள். டெலிவரியில் "நான் இதைக் கேக்கவே இல்ல" என்று திரும்பிவரும் சரக்கில் பெரும்பகுதி இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காததால் வருவது. கடைசியாகப் பழைய பில். வசூலை முதலில் வைத்தால் ஆர்டர் சுருங்கும். ஆனால் இரண்டு பில்லுக்கு மேல் பாக்கி நிற்கும் கடையில் மட்டும் வரிசையை மாற்றி, பணத்தை முதலில் பேசுங்கள்.

7. எத்தனை பீஸ் எடுக்கச் சொல்றதுன்னு எப்படித் தெரியும்? நான் சொன்னா அதிகம்ங்கறாங்க.

எண்ணிப் பார்த்தது இங்கேதான் உதவும். போன வாரம் நீங்கள் போனபோது கடையில் 4 இருந்தது, அவர் 24 எடுத்தார், இன்று 10 இருக்கிறது. விற்றது 18. அதன் ஒன்றரை மடங்கு 27. கையிலிருக்கும் 10 போக 17. டஜன் கணக்கில் ஒன்றரை டஜன் சொல்லுங்கள். ஒரு மடங்கு மட்டும் வைத்தால் ஒரு வீட்டு விசேஷத்துக்கு யாராவது ஆறு பீஸ் வாங்கிவிட்டாலே ரேக் காலியாகிவிடும். அந்த அரை மடங்கு அதற்காக.

இந்தக் கணக்கை மாதம் முழுக்க ஒரே மாதிரி போடாதீர்கள். சம்பளம் வரும் முதல் பத்து நாளில் பெரிய பாக்கெட் ஓடும், இருபதுக்கு மேல் அதே வீடுகள் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்கும். 25-ஆம் தேதி பெரிய பாக்கெட்டைத் தள்ளினால் அது அடுத்த மாதம் வரை நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கடைக்காரர் உங்கள் பேச்சையே நம்பாமல் போவார்.

8. மார்ஜின் 10 சதவீதம்ங்கறாங்க, கடைக்காரர் 11-ங்கறாரு. யார் சொல்றது சரி?

இருவரும் சரி, கணக்கின் அடி வேறு. எம்ஆர்பி 20 ரூபாய், வரியோடு சேர்த்துக் கடைக்கு 18 ரூபாய் என்றால் லாபம் 2 ரூபாய். எம்ஆர்பி மேல் பார்த்தால் 10 சதவீதம். போட்ட பணம் 18-ன் மேல் பார்த்தால் 11.1 சதவீதம். எதன் மேல் என்று சொல்லாமல் சதவீதம் பேசினால் சண்டைதான் வரும். கடையில் ரூபாயில் பேசுங்கள்: "ஒரு டஜனுக்கு 24 ரூபா நிக்கும்."

விலைப் பட்டியலில் கடை விலை வரிக்கு முந்தையதா, வரியோடா என்பதைச் சேர்ந்த முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். வரிக்கு முந்தைய கடை விலையை எம்ஆர்பியோடு ஒப்பிட்டுக் காட்டினால் மார்ஜின் பெரிதாகத் தெரியும், பில் வந்ததும் பொய் வெளுத்துவிடும்.

9. 12+1 ஸ்கீம்னா 8.33 சதவீதம் தள்ளுபடிதானே?

12+1 என்றால் 12 வாங்கினால் 1 இலவசம். அது 8.33 இல்லை, 7.69 சதவீதம். ஒன்றைப் பன்னிரண்டால் வகுக்கக் கூடாது, கைக்கு வருவது பதின்மூன்று பீஸ், அதனால் பதின்மூன்றால் வகுக்க வேண்டும். 8-ஆம் கேள்வியின் அதே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 12 பீஸுக்கு 216 ரூபாய் கட்டி 13 பீஸ் வாங்குகிறார். ஒரு பீஸ் அடக்க விலை 16.62. பதின்மூன்றையும் 20 ரூபாய்க்கு விற்றால் 260. லாபம் 44 ரூபாய். ஸ்கீம் இல்லாமல் 12 பீஸுக்கு 24 ரூபாய்தான்.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஸ்கீம் ஒரே பில்லில் 12 எடுத்தால்தான் என்றிருக்கும்போது, இந்த வாரம் 6 அடுத்த வாரம் 6 எடுத்தவருக்கும் வாக்குக் கொடுத்துவிடுவது ஒன்று. ஸ்கீம் முடியும் தேதிக்கு முந்தின நாள் ஆர்டர் எடுத்து, பில் மறுநாள் போடப்பட்டு, இலவச பீஸ் விழாமல் போவது இன்னொன்று. கணக்கில் எடுப்பது ஆர்டர் தேதியா, பில் தேதியா என்று கேட்டுவிட்டுக் கடையில் சொல்லுங்கள்.

10. "உங்க பொருள்ல மார்ஜின் கம்மி, அந்த லோக்கல் ஐட்டத்துல 20 சதவீதம் நிக்குது"ன்னா என்ன சொல்றது?

அவர் சொல்வது உண்மை, மறுக்காதீர்கள். ஆனால் எத்தனை நாளில் விற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பொருளில் 900 ரூபாய் போட்டால் ஒரு வாரத்தில் 1,000 ஆகிறது. நான்கு வாரத்தில் அதே பணம் நான்கு சுற்று ஓடி 400 ரூபாய் தருகிறது. அந்த ஐட்டத்தில் 800 போட்டால் 1,000 வரும், ஆனால் எட்டு வாரம் ஆகிறது என்றால் நான்கு வாரத்துக்கு 100 ரூபாய்தான். எத்தனை வாரம் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், அவரிடமே கேளுங்கள். அவர் ரேக்கைப் பார்த்துச் சொல்லும் எண்ணை வைத்து அவர் கண் முன்னே கால்குலேட்டரில் போட்டுக் காட்டுங்கள்.

உங்கள் பொருளும் அந்தக் கடையில் ஓடவில்லை என்றால் இந்தக் கணக்கைப் போடவே போடாதீர்கள்.

11. எல்லாக் கடையிலும் "ஸ்டாக் இருக்கு தம்பி, அடுத்த வாரம் வா"ன்னு ஒரே பதில். என்ன பண்ண?

இதில் நான்கு வேறு வேறு விஷயம் மறைந்திருக்கும். உண்மையாகவே ஸ்டாக் இருக்கலாம். கையில் பணம் இல்லாமல் இருக்கலாம், பழைய பில்லைக் கேட்டுவிடுவீர்களோ என்று ஒதுங்குவார். போன முறை டேமேஜ் எடுக்காத கோபம் இருக்கலாம். அல்லது முடிவெடுக்கும் ஆள் கடையில் இல்லை. ஸ்டாக் எண்ணினால் முதலாவது தெரிந்துவிடும். பாக்கிப் பட்டியல் இரண்டாவதைச் சொல்லும். மூன்றாவதை நேராகக் கேளுங்கள்: "அண்ணே, எங்க பக்கம் ஏதாவது குறை இருக்கா?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார்கள். நான்காவதற்கு முதலாளி எப்போது இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போவதுதான் வழி.

12. "ஹோல்சேல்ல இதைவிட கம்மியா கிடைக்குது"ங்கறாங்க. அது எப்படி?

ஹோல்சேல்காரர் கேஸ் (முழுப் பெட்டி) கணக்கில் எடுப்பதால் அவருக்குப் பெரிய ஸ்கீம் விழும். அதில் ஒரு பங்கை விலையில் குறைத்து வேகமாகப் பணமாக்குவார். சில நேரம் மாதக் கடைசியில் தள்ளப்பட்ட சரக்கும் அங்கேதான் போய்ச் சேரும் (அதைப் பற்றி 18-ஆம் கேள்வியில்). விலையில் நீங்கள் போட்டி போட முடியாது, முயலவும் வேண்டாம்.

நீங்கள் கொடுப்பது வேறு: அரை டஜனும் கடைக்கே வரும், ஒரு வாரக் கடன் கிடைக்கும், எக்ஸ்பைரி ஆனால் திருப்பி எடுக்கப்படும், முறையான ஜிஎஸ்டி பில் இருக்கும். உள்ளீட்டு வரி எடுக்கும் (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்கும்) கடைக்கு அந்தப் பில்லே பணம். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு கடைகள் மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இருக்கும் கடை உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அங்கே அந்த வாதம் செல்லாது. அவரிடம் எக்ஸ்பைரியைப் பேசுங்கள்.

13. விலை மாறும்போது ரெண்டு எம்ஆர்பி சரக்கு கடையில நிக்குது. யாருக்கு நஷ்டம்?

சரியாகக் கையாளாவிட்டால் உங்கள் பெயருக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட், பிஸ்கட் போன்றவற்றின் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. இப்படி விலை இறங்கும் என்ற பேச்சு வந்தாலே கடைக்காரர் வாங்குவதை நிறுத்துவார். அப்போது 7-ஆம் கேள்வியின் ஒன்றரை மடங்குக் கணக்கை விட்டுவிட்டு ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள், பழைய ஸ்டாக்கை எண்ணித் தேதியோடு ஏஜென்சிக்குத் தெரிவியுங்கள். கம்பெனி விலை வித்தியாசத்தை ஈடுகட்டினால் அந்த எண்ணிக்கைதான் ஆதாரம்.

5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டில் விலை அப்படியே இருக்கும், கிராம் மாறும். வாடிக்கையாளர் கடைக்காரரைத்தான் கேட்பார். நீங்கள் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

14. எக்ஸ்பைரி, டேமேஜ் எல்லாம் எடுத்துக்கலாமா? முதலாளி வேணாங்கறாரு, கடைக்காரர் திட்டுறாரு.

கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், எலி கடித்ததை எடுப்பார்களா, பிரித்த பாக்கெட் செல்லுமா, விற்பனையில் எத்தனை சதவீதம் வரை என்று இருக்கும். அதை எழுத்தில் வாங்கிப் பையில் வையுங்கள். விதிக்குள் வருவதை அன்றே எழுதிக்கொண்டு, பொருள், எம்ஆர்பி, பேட்ச், எண்ணிக்கையோடு ஒரு சீட்டைக் கடையில் கொடுங்கள். கிரெடிட் நோட் (திருப்பிய சரக்கின் தொகையைக் கடைக்கு வரவு வைக்கும் சீட்டு) வரும்வரை பில்லில் கழிக்க விடாதீர்கள். கடைக்காரர் தானாகக் கழித்துக் கொடுத்தால் அந்த 60 ரூபாய் கணக்கில் உங்கள் பெயரில் தொங்கும். இப்படி 20 கடையில் சேர்ந்தால் 1,200.

விதிக்குள் வராததை "பாக்கலாம்" என்று சொல்லாதீர்கள். முடியாது என்று அன்றே சொன்னால் ஒரு நாள் கோபம், இழுத்தடித்தால் வருடக் கோபம். முடிவு தேதிக்கு 45 நாள் முன்பே கண்டுபிடித்து, வேகமாக விற்கும் வேறு கடைக்கு முதலாளி சம்மதத்தோடு மாற்றுவதே நல்ல வழி. அதற்குத்தான் 6-ஆம் கேள்வியில் பின்வரிசையைப் பார்க்கச் சொன்னது.

15. கடன் எவ்வளவு கொடுக்கலாம்? கொடுக்கலன்னா ஆர்டரே தரமாட்டேங்கறாங்க.

ஏஜென்சிக்கு 5 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 ரூபாய் பில் ஒன்று வராமல் போனால் அதை ஈடுகட்ட ஒரு லட்சம் ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். அந்த 5,000 ஆர்டர் இல்லாமலே இருந்திருந்தால் இழப்பு 250 ரூபாய்தான். இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் எந்த ஆர்டரை விட வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நடைமுறையில் பில்லுக்குப் பில் என்பதே பாதுகாப்பு. புதுச் சரக்கு இறங்கும்போது பழைய பில் முழுதாகக் கட்ட வேண்டும். புதுக் கடை என்றால் முதல் மூன்று பில் ரொக்கம். வாடகைக் கடையா, எத்தனை வருடமாக நடத்துகிறார் என்பதைப் பக்கத்துக் கடையிலும் டெலிவரி டிரைவரிடமும் விசாரியுங்கள். திடீரென வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்து, விலை பற்றி ஒரு வார்த்தை பேரம் பேசாத கடை என்றால் நின்று யோசியுங்கள். பணம் கட்டும் எண்ணம் உள்ளவர் விலை பேசுவார்.

16. வசூல் கேக்கக் கூச்சமா இருக்கு. எப்படிக் கேக்கறது, எப்பக் கேக்கக் கூடாது?

நேரம் முக்கியம். போணி ஆகாத கடையில் பணம் கேட்கக் கூடாது, முதல் வியாபாரம் நடக்கட்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பணம் வெளியே கொடுக்காத கடைகள் உண்டு. அந்த லைன் உங்களுக்கு வெள்ளி என்றால் அப்படிப்பட்ட கடைகளை மதியத்துக்கு முன் முடியுங்கள். வாடிக்கையாளர் முன்னால் பாக்கித் தொகையைச் சத்தமாகச் சொல்லவே கூடாது. பில்லை எடுத்து மேசையில் வைத்தாலே போதும்.

"பணம் தர்றீங்களா?" என்று கேட்காதீர்கள். "அண்ணே, 12-ஆம் தேதி பில் 1,840, இன்னிக்கு முடிச்சிடலாமா?" என்று தேதியும் தொகையும் சொல்லுங்கள். முழுதாக இல்லை என்றால் 1,000 வாங்கிக்கொண்டு, மீதிக்கு நாள் கேட்டு, பில்லின் மேலேயே இருவர் முன்னிலையில் எழுதுங்கள். பகுதிப் பணத்தை எப்போதும் பழைய பில்லில் வரவு வையுங்கள். சொன்ன நாளில் கட்டாயம் போய் நிற்க வேண்டும். நீங்கள் ஒரு முறை போகாமல் விட்டால், கெடு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று அவருக்கு நீங்களே சொல்லிக் கொடுத்ததாக ஆகும்.

17. கடைக்காரர் என் நம்பருக்கே ஜிபே பண்றேங்கறாரு. வாங்கி சாயந்தரம் கட்டிடலாமா? செக் கொடுத்தா?

உங்கள் நம்பருக்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம். உங்கள் எண்ணம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அந்தக் கணக்கில் கடன் தவணை தானாகப் பிடித்துவிட்டால் மாலையில் கட்டப் பணம் இருக்காது. ஏஜென்சியின் க்யூஆர் அட்டையைப் பையில் வையுங்கள். பணம் ஏறிய செய்தியை ஏஜென்சியில் உறுதி செய்த பிறகு ரசீது எழுதுங்கள், கடைக்காரர் போனில் காட்டும் திரையை மட்டும் நம்பாதீர்கள். ரொக்கத்தைக் கடையிலேயே எண்ணி, 500, 200, 100 எத்தனை என்று எழுதி, அன்று மாலையே ஒப்படையுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் ஒரு நாள்கூட வேண்டாம். இந்த வேலையில் கெட்டுப்போனவர்களில் பலரும் "நாளைக்கு வச்சிடலாம்" என்று 200 ரூபாய் எடுத்ததில்தான் தொடங்கினார்கள்.

செக் ஏஜென்சி பெயரில், தேதியோடு இருக்க வேண்டும். எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். பணம் இல்லாமல் திரும்பினால் செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி, வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் கடைக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் அவர் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடுவது முதலாளியின் வேலை. உங்கள் வேலை, சரக்குப் பெற்ற கையெழுத்துள்ள பில் பிரதியைத் தயாராக வைப்பதும், திரும்பிய அன்றே அந்தக் கடைக்குப் போவதும். பெரும்பாலும் அதிலேயே பணம் வந்துவிடும்.

18. மாசக் கடைசி, டார்கெட்டுக்கு 40,000 குறையுது. தெரிஞ்ச கடையில சும்மா பில் போட்டு அடுத்த மாசம் திருப்பிக்கலாம்னு சீனியர் சொல்றாரு.

செய்யாதீர்கள். கேட்காத கடைக்குப் பில் போட்டால் நடப்பது இதுதான்: பில் கடைக்காரர் பெயரில் ஜிஎஸ்டி கணக்கில் ஏறும், சரக்கு வண்டியில் போய்த் திரும்பி வரும், திருப்பிய பில்லுக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், அடுத்த மாதம் உங்கள் எண் 40,000 குறைவிலிருந்து தொடங்கும். அந்தக் குழியை மூட அடுத்த மாதம் 60,000. மூன்றாவது மாதம் கணக்கில் சரக்கும் இருக்காது, பணமும் இருக்காது, கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கும். கடையில் வலுக்கட்டாயமாக இறக்கினாலும் கதை அதேதான். அது ஹோல்சேலுக்குக் குறைந்த விலையில் போய், 12-ஆம் கேள்வியாக உங்கள் லைனுக்கே திரும்பி வரும்.

மாதத்தின் 10-ஆம் தேதியே பாருங்கள். 26 வேலை நாளில் 9 நாள் முடிந்திருந்தால் டார்கெட்டில் 35 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். குறைந்தால் எந்தக் கடையில் போன மாதம் பில் விழுந்து இந்த மாதம் விழவில்லை என்று எடுங்கள். பில்லே விழாத 20 கடையில் 500 ரூபாய் வீதம் எடுத்தால் 10,000. பழைய கடைகளில் ஆளுக்கு ஒரு புது ஐட்டம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். இவ்வளவு செய்தும் 40,000 வராமல் போகலாம். இன்சென்டிவ் போனால் போகட்டும்.

19. ஆபீசர் வாயால சொன்ன ஸ்கீமைக் கடையில சொல்லிட்டேன், இப்ப வரலங்கறாரு. கடைக்காரர் என்னைத்தான் பிடிக்கிறார்.

ஆபீசருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "சார், நீங்கள் இந்தத் தேதியில் சொன்ன ஸ்கீமை இந்தக் கடைகளில் சொல்லியிருக்கிறேன், மொத்தம் இவ்வளவு வர வேண்டும்." மரியாதையோடு, கடைவாரித் தொகையோடு. முதலாளிக்கும் அதே செய்தி. கடைக்காரரிடம் "வந்துடும்" என்று சொல்லாமல், கேட்டிருக்கிறேன், இந்தத் தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். பதில் "இல்லை" என்றாலும் அந்தத் தேதியில் போய்ச் சொல்லுங்கள்.

இனிமேல் எழுத்தில் வராத ஸ்கீமைக் கடையில் பேசாதீர்கள். ஆபீசர் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாறிவிடுவார். அந்தத் தெருவில் நடக்கப்போவது நீங்கள்.

20. வேலையை விடப் போறேன். எப்படி விட்டா பிரச்சினை வராது?

ஆறு நாளும் ஆறு லைனிலும், புதிதாக வரும் ஆளையோ ஏஜென்சி ஆளையோ கூட்டிக்கொண்டு போங்கள். 3-ஆம் கேள்வியில் சேரும்போது செய்த அதே வேலை: கடைவாரிப் பாக்கி, கடைக்காரர் கையெழுத்து. வராத டேமேஜ் கிரெடிட், வராத ஸ்கீம் இருந்தால் அதே தாளில் தனியாக எழுதுங்கள். மூன்று பிரதி எடுத்து முதலாளியிடம் கையெழுத்து வாங்கி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் புத்தகம், ரசீதுப் புத்தகம், கம்பெனி போன், க்யூஆர் அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்குங்கள். பயன்படுத்தாத ரசீது எண்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள், பின்னால் யாராவது அந்த எண்ணில் பணம் வாங்கினால் உங்கள் மேல் வரக் கூடாது. பிஎஃப் இருந்தால் யூஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) குறித்துக்கொண்டு, விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று அடுத்த மாதம் பாருங்கள். கடைசி நாள் எல்லாக் கடையிலும் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்து எந்த ஏஜென்சியில் சேர்ந்தாலும் அநேகமாக இதே கடைகளுக்குத்தான் வருவீர்கள்.